வயருலதான் கோளாறு

ஏனுங் பாய், எல்.இ.டி. லைட்டு வேலையெல்லாம் பாப்பீங்களா? பாப்பீங்க, பாப்பீங்க. வேடசந்தூர்கிட்ட டீக்கடையில ஒரு டிரைவர் உங்களைச் சொல்லித்தான் அனுப்பிச்சாரு. திண்டுக்கல் பைபாஸ்ல தகர செட்டு, மத்தவன் கைவிட்ட வண்டியெல்லாம் கடைசியில அங்கதான் போய் நிக்கும்னாரு. என்ற வண்டியும் கைவிட்ட வண்டிதானுங்க. அதோ, பச்சைத் தார்ப்பாய் போட்டு நிக்குது பாருங்க. சங்ககிரி வண்டி.

அத்தனை தூரத்துல இருந்து இண்டிகேட்டர் பாக்க இங்க வந்தீங்களான்னு சிரிக்கறீங்க. சிரிங்க. சங்ககிரியில தடுக்கி உழுந்தா எலக்ட்ரீசியன் மேலதான் உழுவோணும், லாரி ஊருங்க அது. ஆனா அவிங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். தெரிஞ்சவன் வண்டியைப் பாக்க மாட்டான், என்ற மூஞ்சியைப் பாப்பான். அர்த்தநாரி அண்ணன் பாவம்பான். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். வண்டியை மட்டும் பாக்கற ஆளு வேணும்.

யாரு, கேபின்லயா? அது சம்பூர்ணம், என்ற ஊட்டுக்காரி. எறங்க மாட்டா, உடுங்க. டீ கொண்டு போய்க் குடுத்தா வாங்கிக்குவா. எந்த எலக்ட்ரீசியன்கிட்டப் போனாலும் நான் அவளைக் கூட்டிட்டுத்தான் போறது. கோளாறு கண்ணுல ஆப்புடற அன்னைக்கு அவ பக்கத்துல இருக்கோணும் பாருங்க. பேச மாட்டா. அட, ஊமையெல்லாம் இல்லீங்க, ஏன் நீங்க வேற! அவ பேச ஆரம்பிச்சா பக்கத்து ஊட்டுக்காரி டி.வி. சத்தத்தைக் கொறைச்சுட்டுக் கேப்பா. மாசி மாசத்துல இருந்துதான் இப்பிடி. அதுவும் என்கிட்ட மட்டும். எருமைகிட்டப் பேசறா, போன்ல அவங்கம்மாகிட்டப் பேசறா, நான் உள்ள நொழைஞ்சா வாயில பூட்டு. ஒரு வார்த்தை பேச மாட்டாளான்னு ஏங்கிப் போயிட்டனுங்க பாய். திட்டட்டும். தலையில மண்ணைவாரிப் போடட்டும். ஒரே ஒரு வார்த்தை.

சரி, கோளாறைச் சொல்லிர்றேன். வலது போட்டா எடது எரியுது. அவ்வளவுதானுங்க.

எப்பவும் இல்லீங்க. இப்பப் போட்டா சரியாத்தான் எரியும். ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதும் காய்ச்சல் போயிருமே, அந்தாட்டம். போட்டுப் பாருங்க, சாவி இந்தாங்க. எரியுதா? வலதுக்கு வலதா? சொன்னேனில்ல. நடிக்குதுங்க. இது என்ன பண்ணும்னு எனக்குத்தான் தெரியும். நீங்க பின்னால போங்க, வயரைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க, நல்லா ஆட்டுங்க. அப்பத்தான் வரும்.

இந்த லைட்டை மாட்டினது என்ற மச்சினன். லோகநாதன். லோகுன்னு கூப்புடுவோம். சம்பூர்ணத்துக்குக் கூடப் பொறந்தவன், ஒரே தம்பி. அவதான் இடுப்புல தூக்கி வெச்சு வளத்தவ. நான் அவனை மாப்பளைம்பேன், அவன் என்னை மச்சாம்பான். மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தான். அந்த வட்டாரத்துல எந்தக் கெணத்து மோட்டார் புகைஞ்சாலும் அவன்கிட்டத்தான் தூக்கிட்டு ஓடுவாங்க. நல்ல கைராசி. ஆனா பாருங்க, கெணத்து மோட்டார் வேற, லாரி வயரிங் வேற. அது அவனுக்குத் தெரியாது. தெரியாதுன்னும் அவனுக்குத் தெரியாது. செத்தவனைக் குத்தம் சொல்லக்கூடாதுங்க, நான் சொல்லல. உள்ளதைச் சொல்றேன்.

ஆமாங்க, செத்துட்டான். அதைத்தான் சொல்ல வர்றேன், இருங்க.

ஐப்பசியில ஒரு நாள் ஊட்டுக்கு வந்தவன் வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். "ஏனுங் மச்சான், உங்க இண்டிகேட்டர் என்ன, அகல் வெளக்கா? பின்னால வர்றவன் தீப்பெட்டி கொண்டாந்து பாக்கோணுமாட்டம் இருக்குது. எல்.இ.டி. போட்டு உடறேன், பட்டப்பகல்ல கூடப் பளிச்சுனு தெரியும்" அப்பிடீன்னான். மறுநாளே வாங்கிட்டும் வந்துட்டான். வாசல்ல துணியை விரிச்சுப் போட்டு நாள் முச்சூடும் உக்காந்து மாட்டினான். சம்பூர்ணம் அவனுக்குச் சுடச்சுடப் பணியாரம் சுட்டுப் போட்டுட்டே இருந்தா.

போட்ட ஒடனே என்ன ஆச்சு தெரியுங்களா, பட பட படன்னு அடிக்குது. சாதாரணமா டிக், டிக்னு வருமில்ல, அது இல்ல. பைத்தியம் புடிச்சாப்பல அடிக்குது. அவன் அதுக்கு ஒரு வெளக்கம் குடுத்தான். இந்த லைட்டு கரண்டு கம்மியா குடிக்குமாம், அதனால மினுக்கி உடற ஃபிளாஷர், பல்பு பீசாயிருச்சுன்னு நெனைச்சுட்டு நமக்குத் தாக்கல் சொல்லுதாம். உங்களுக்குத் தெரியாததா! ஒரு ரெசிஸ்டரை வெச்சான், அது தொட்டா கை வெந்துபோற அளவுக்குக் காஞ்சுது. அதைக் கழட்டிப்போட்டுட்டு எல்.இ.டி.க்குன்னே வர்ற ஃபிளாஷர் வாங்கி மாட்டினான். அடிக்கறது சரியாயிருச்சு. ஆனா ஒரு பக்கம் போட்டா நாலு மூலையும் எரியுது. டேஷ்போர்டுல எடதுக்கும் வலதுக்கும் பொதுவா ஒத்தை லைட்டுதானுங்க இந்த வண்டியில. அது வழியா கரண்டு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தாண்டிருதுன்னான். பழைய பல்புக்கு அந்தக் கரண்டு பத்தாது, இதுக்குப் பத்திக்குதுன்னான். ரெண்டு டையோடை வெச்சு அதையும் நிறுத்தினான். அன்னைக்குப் பொழுதோட எல்லாம் சரியா எரிஞ்சுது. அவன் பின்னால நின்னுட்டு, "மச்சான் எடது! மச்சான் வலது!"ன்னு கத்தறான், நான் மாத்தி மாத்திப் போடறேன், தெருவே வேடிக்கை பாக்குது. ஒரு தப்பு இல்லீங்க.

ஆனா அந்தத் தாண்டற கரண்டு இருக்குது பாருங்க, அது ஒருக்கா தாண்டக் கத்துக்கிட்டா உடுமா? எனக்கு அங்கதான் சந்தேகம்.

அந்த லைட்டோட நான் வடக்க போயிட்டேன். நாக்பூர், இந்தூர், அந்தப் பக்கமேதான் லோடு கெடைச்சுது, ஐப்பசியில போனவன் மாசிக்குத்தான் ஊருக்கு வந்தேன். அங்க ஒண்ணும் தப்பில்ல. ஒரு நாள் கூட மாத்தி எரியலீங்க. எரிஞ்சிருந்தா பின்னால வர்ற சர்தார்ஜிங்க எறங்கி வந்து அடிச்சிருப்பாங்க. அங்க அத்தனை மாசமும் ஒழுங்கா இருந்துட்டு, ஊருக்கு வந்து மூணாம் நாள்தான் வேலையைக் காட்டிருச்சு. பாத்தீங்களா பாய், எப்பிடிப்பட்ட கோளாறுன்னு!

மாசியில எங்க கொலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. கொடுமுடிப் பக்கம் கோயில். ஒறம்பரை சனம், அண்டா குண்டா, ரெண்டு கெடாய், எல்லாத்தையும் லாரியில ஏத்தியாச்சு. கேபின்ல நானும் சம்பூர்ணமும். லோகு அப்பத்தான் பழைய கார் ஒண்ணு வாங்கியிருந்தான், வெள்ளைக் காரு. அவனும் அவன் சம்சாரம் மைதிலியும் அதுல. "மச்சான், எனக்கு வழி தெரியாது, உங்க பின்னாலயே வர்றேன்"னான். நல்ல வெயில் நேரம். ரோட்டுல கூட்டமில்ல. நான் மெதுவாத்தான் போறேன், மேல சனம் இருக்குதில்ல. கோயில் கிட்ட வந்ததும் அவனுக்கு அவசரம். இனி ஒரே ரோடுதானே, முன்னால போய் அடுப்புக்கூட்டி வெக்கறேன்னு போன் பண்ணினான். அப்பறம் பின்னால பீப் பீப்னு ஆரன் அடிக்கறான். ரெண்டு தடவை அடிப்பான், சின்னதா. மச்சான், போகட்டுமான்னு கேக்கறது அது.

உங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் லாரிக்காரன் எடது போட்டா ஏறிப் போன்னு அர்த்தம். வலது போட்டா எதுக்க வண்டி வருது, வராதேன்னு அர்த்தம். இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ரோடு சொல்லிக் குடுத்தது. லோகு கார் வாங்கின அன்னைக்கு நானே போன்ல சொல்லியிருந்தேன், "மாப்பள, நான் எடது போட்டா நீ கண்ணை மூடிட்டு ஏறலாம்"னு.

முன்னால ஒரு வளைவு. தென்னந்தோப்பு மறைக்குது. ஒசரத்துல உக்காந்திருக்கறதால எனக்குத் தெரியுது, கரும்பு லோடு ஒண்ணு வருது, வேகமா வருது. பின்னால இருக்கறவனுக்குத் தெரியாது. வலது போட்டேன். வராதேன்னு போட்டேன். மனசுல வராதே வராதேன்னு சொல்லிக்கிட்டேதான் போட்டேன். கண்ணாடியில பாக்கறேன், வெள்ளைக் காரு வெளிய வருது.

ஏறினான் பாய். என்ற பக்கத்துல வந்தவன் ஜன்னல் வழியா கையைத் தூக்கிக் காட்டினான். வழி உட்டா டிரைவருங்க கை காட்டுவாங்கல்ல, ரொம்ப நன்றீன்னு. அப்பிடி. சிரிச்சுட்டே காட்டினான்.

அதுக்கு மேல சொல்ல என்னால ஆகாதுங்க. கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா?

மைதிலி பொழைச்சுக்குச்சு. காலு போச்சுன்னாங்க, அப்பறம் கம்பி வெச்சு நிக்க வெச்சுட்டாங்க. ஆஸ்பத்திரியில நான் போய் நிக்கறேன், அந்தப் புள்ளை என்னைப் பாத்து, "எடது போட்டீங்களேங்ணா... மச்சான் வழி உட்டுட்டாரு, புடிச்சுக்கன்னு சொல்லிட்டுத்தானுங்ணா ஏறுனாரு"ங்குது. "இல்ல அம்மிணி, நான் வலதுதான் போட்டேன்"னேன். அது அழுதுட்டே இருந்துச்சு. அந்தப் புள்ளை பொய் சொல்லாதுங்க. நானும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா நடுவுல யாரு பாய்? வயருதான்!

போலீசு கேஸ்ல என்ற பேரே கெடையாது. வளைவுல முந்தினது அவன் தப்புன்னு எழுதி முடிச்சுட்டாங்க. யாரும் என்னை ஒரு சொல் சொல்லல. மாமியார் கூட, என்ற கையைப் புடிச்சுட்டு, "மாப்பள, நீங்க என்ன பண்ணுவீங்க, அவன் விதி"ன்னாங்க. அப்பிடி இருக்கையில நான் எதுக்கு ஊரு ஊரா வயரைத் தூக்கிட்டு அலையறேன்? எனக்கென்ன தலையெழுத்தா? அவளுக்காகத்தான். அவ தெரிஞ்சுக்கட்டும்னுதான். காரியம் முடிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன், "சம்பூர்ணம், நீ கவலைப்படாத, உன்ற தம்பி போட்ட வயருலதான் கோளாறு, நான் கண்டுபுடிச்சு உன்ற கண்ணு முன்னால காட்டறேன்"னு. ஆறுதலாத்தானுங்க சொன்னேன். அன்னைக்கு நிறுத்தினவ, இன்னைக்கு வரைக்கும் பேசல. ஆறுதல் சொன்னதுக்கு யாராச்சும் கோவிப்பாங்களா?

எடப்பாடியில ஒருத்தர் பாத்தாரு. எர்த் சரியில்லைன்னாரு. பாடியில துரு புடிச்சு எர்த் கெடைக்கலைன்னா கரண்டு வேற வழி தேடும், எரியக்கூடாதது எரியும்னாரு. கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. "சம்பூர்ணம், கேட்டியா, எர்த்தாம்!"னு கத்தினேன். அப்பறம் அவரே கழட்டிப் பாத்துட்டு, பளபளன்னு சுரண்டி கிரீஸ் வெச்சு முடுக்கியிருக்குதுங்க, மாட்டினவரு நல்ல வேலைக்காரருங்கன்னுட்டாரு. ஓமலூர்க்காரரு அந்த டையோடு ரெண்டையும் கழட்டி மீட்டர் வெச்சுப் பாத்தாரு. நல்லா இருக்குதுங்கறாரு. எடமும் வலமும் கலக்க வழியே இல்லைங்கறாரு. நாமக்கல்லுல ஒருத்தர் லீவர் சுவிட்சையே பிரிச்சுப் பரப்பிட்டாரு. புதுசாட்டம் இருக்குதுங்கறாரு. ஒவ்வொருத்தரும் இப்பிடியே சொன்னா எப்பிடிங்க? பாக்கத் தெரியலைன்னு சொல்ல வேண்டீதுதானே. எல்லாருக்கும் அவன் வேலை நல்ல வேலை. ஒரு எடத்துல டேப் சுத்தினதைப் பிரிச்சுப் பாத்துட்டு, இவ்வளவு பொறுமையா யாருங்க சுத்துனாங்கன்னு கேக்கறான் ஒருத்தன். கேபின்ல இருந்து அவ கேட்டுட்டிருக்கா. அன்னைக்கு ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் முந்தானையில மூஞ்சியைப் பொத்திட்டே வந்தா.

நீங்க தண்ணி ஊத்திப் பாருங்க பாய். மழைத்தண்ணி பட்டா ஷார்ட் ஆகுமில்ல? அன்னைக்கு மழையில்ல, சரி. இருந்தாலும் ஊத்துங்க.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. வண்டியை அணைச்சு, சாவியைக் கையில எடுத்துட்டு எறங்கின பொறகும் பின்னால எடது லைட்டு மினுக் மினுக்னு எரியுதுங்க. மங்கலா. மூச்சு உடறாப்பல. ஓமலூர்க்காரரு சொன்னாரு, எல்.இ.டி.யில அப்பிடி வரும், எங்கயாச்சும் துளி கரண்டு கசிஞ்சாலும் அது எரியத்தான் செய்யும்னாரு. சரீன்னு பேட்டரியவே கழட்டித் தரையில வெச்சுட்டேன். வெச்சுட்டுப் பின்னால போய்ப் பாக்கறேன். எரியுது பாய். பேட்டரி தரையில, வயரு தொங்குது, எடது எரியுது! பக்கத்து ஊட்டுக்காரனைக் கூட்டியாந்து காட்டினேன். எங்கீங்ணா, ஒண்ணுமில்லியேங்கறான். அவன் கண்ணுல என்ன கோளாறோ.

வண்டி ஓட்டறப்ப இன்னும் மோசம். ஃபிளாஷர் சத்தம் காதுலயே இருக்குது. டிக், டிக்னு. லீவரைத் தொடாமலே. பின்னால ரோடு காலியா கெடக்கும், பீப் பீப்னு ரெண்டு ஆரன் கேக்கும். கண்ணாடியைப் பாக்க மாட்டேன். பாத்தா வெள்ளைக் காரு நிக்கும்னு தெரியும். போகட்டுமா மச்சான்னு கேட்டுட்டே வருவான். எதையும் போட மாட்டேன் பாய், எந்தப் பக்கமும் போட மாட்டேன். இந்த வண்டியில இப்ப நான் இண்டிகேட்டரே போடறதில்ல, கையைக் காட்டித்தான் திரும்பறேன். அவன் எனக்கு எப்பவும் கெட்டது நெனைக்காத பையனுங்க. செத்தும் பின்னாலயேதான் வர்றான், ஒரு தடவை கூட முந்தலை. பயமில்லீங்க. பயமெல்லாம் இல்ல. எலுமிச்சம்பழம் கட்டியிருக்கறது பொதுவாக் கட்டறதுதான்.

கோயில்ல பூக் கேட்டும் பாத்தாச்சு. எங்க பக்கம் அந்த வழக்கம் உண்டு. மனசுல ஒரு கேள்வியை நெனைச்சுட்டு, வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், செவப்புப்பூ ஒரு பொட்டணம் கட்டி சாமி முன்னால போடுவாங்க, பூசாரி ஒண்ணை எடுத்துக் குடுப்பாரு. வெள்ளை வந்தா வயரு, செவப்பு வந்தா என்ற கைன்னு நெனைச்சுப் போட்டேன். செவப்பு வந்துச்சு. பொட்டணம் கட்டினவன் குலுக்கலைங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். இன்னொருக்கா போடுங்கன்னேன். சாமிகிட்ட ஒரு கேள்வியை ரெண்டு தடவை கேக்கக்கூடாதுன்னுட்டாரு. எலக்ட்ரிக் சமாச்சாரம் சாமிக்கென்ன தெரியும், சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? வடக்க எப்பிடிப் போடுவாங்கன்னா?

அது... அங்க தலைகீழுங்க. நான் ஓட்டின ரூட்டுல வலது போட்டா ஏறி வான்னு அர்த்தம், எடது போட்டா வராதேன்னு அர்த்தம். அதனால என்ன? எனக்கு ரெண்டும் தண்ணி பட்ட பாடு. ஓசூர் தாண்டினா அது, ஓசூருக்கு இந்தப் பக்கம் இது. தன்னால மாறிக்கும். ஊருக்கு வந்த அன்னைக்குக் காலையில சம்பூர்ணத்துகிட்டத் தண்ணிக்குப் பதிலா "பானி குடு"ன்னு கேட்டேன், அவ உழுந்து உழுந்து சிரிச்சா. லோகுகிட்டயும் போன் பண்ணிச் சொல்லிச் சிரிச்சா, உன்ற மச்சான் சேட்டு ஆயிட்டாருன்னு. அது நாக்கு. நாக்கு ஒளறும். கை ஒளறுமாங்க? இத்தனை வருசம் ஸ்டியரிங் புடிச்ச கை. நீங்க அப்பிடிப் பாக்காதீங்க பாய். வண்டியைப் பாருங்க.

அவ பக்கத்துலதான் இருந்தா, ஆமா. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கறீங்க. அவ என்ன சொல்லுவா? அவளுக்கு லாரியில எது எடது எது வலதுன்னு... தெரியும், தெரியும். கல்யாணமான புதுசுல எத்தனையோ நடை கூடவே வந்திருக்கறா, எனக்குப் பதிலா அவளே கையைக் காட்டி வழி உட்டிருக்கறா. ஆனா அன்னைக்கு அவ கல்லக்கா, அதான் நெலக்கடலை, உரிச்சுட்டு வந்தா. மடியில வெச்சு உரிச்சு உரிச்சு, என்ற கையிலயே வெச்சுட்டு வந்தா. அந்த நேரத்துல கூட ஒரு பிடி குடுக்க நீட்டிட்டு இருந்தா, நான் வாங்காம லீவரைப் போட்டேன், கல்லக்கா கீழ சிந்திருச்சு. அப்பிடி இருக்கையில அவ எங்க லீவரைப் பாத்திருக்கப் போறா? பாத்திருக்க மாட்டா.

நான் கேட்டதில்லீங்க. எதுக்குக் கேக்கோணும்? எனக்கே தெரியுமே வலதுதான்னு.

கேட்டாப் பேசுவாங்களேங்கறீங்க. நல்லாச் சொன்னீங்க போங்க. பேசாதவகிட்ட எப்பிடிக் கேக்கறதாம்? ரெண்டு மூணு தடவை அவளா வாயெடுத்தா. காரியம் முடியறதுக்கு முந்தி. "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா"ன்னா. அப்ப மனுசன் இருக்கற நெலமையில என்னத்தைக் கேக்கறது? இரு, முதல்ல வயரைப் பாத்துக்கலாம்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். ராத்திரி ஒருக்கா வந்து பக்கத்துல உக்காந்தா. நான் தூங்கறாப்பல இருந்துட்டேன். அப்பறம் அவளே உட்டுட்டா. பொம்பளைங்க மனசு யாருக்குப் புரியுது, நீங்களே சொல்லுங்க.

என்ன, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? டெஸ்ட் லேம்ப்பை சுருட்டறீங்க?

அந்த மூட்டு பாத்தீங்களா, சேசிஸ் மேல ஏறற எடத்துல? ஃபிளாஷரை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா? சுவிட்சு? கனெக்டர் உள்ள பச்சை பூத்திருக்குமே? இல்லீங்களா. எங்கயுமே இல்லீங்களா. என்னங்க, நீங்களும் அவன் நல்ல வேலைக்காரன்னு சொல்லிட்டுப் போகப் போறீங்களா?

இருங்க பாய், போகாதீங்க. கோவிச்சுக்காதீங்க, சத்தம் போட்டுட்டேன். இங்க வாங்க, இப்பிடி சக்கரத்துப் பக்கம் மறைவா வாங்க. ஒண்ணு கேக்கறேன். இல்லைன்னா இல்லாமயே போகட்டும். நீங்களே ஒண்ணு பண்ணிக் குடுத்துருங்க. எடது வயரையும் வலது வயரையும் ஒரு எடத்துல லேசா சுரண்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டற மாதிரி உட்டுருங்க. துளியூண்டு போதும். அவன் டேப் சுத்தின எடத்துக்குள்ளயே பண்ணிருங்க, அப்பத்தான் பழசுன்னு தெரியும். அப்பறம் அவளைக் கூப்புட்டு, வலது போட்டு, எடது எரியறதை அவ கண்ணால பாக்க வெக்கலாம். உங்களுக்கு என்ன பாய் நட்டம்? செத்தவன் செத்துட்டான், அவன் மேல ஒரு பழி ஏறினா அவனுக்கென்ன வலிக்கவா போகுது? இருக்கறவன் ஒருத்தன் பொழைப்பானில்ல. நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுங்களா? சாமியா நெனைச்சுக் கேக்கறேன் பாய்.

தப்புங்களா? பாவமுங்களா? சரி. சரி, வயரைத் தொடாதீங்க. உங்க தொழிலை நான் கெடுக்கல. வாயில சொல்லுங்க, அது போதும். "ஆமாங்க, வயருலதான் கோளாறு"ன்னு ஒரே ஒரு தடவை. பொய்யின்னா என்ற தலையில போட்டுக்கறேன்.

ஏன் அங்க பாக்கறீங்க? என்ன சத்தம் அது? கேபின் கதவா?

எறங்கறா. ஐயோ, எறங்கி வர்றா பாய். எந்த ஊர்லயும் எறங்காதவ. நாம பேசினது கேட்டிருக்குமா? நான் மெல்லத்தானே பேசினேன்? முந்தானையை இழுத்துச் சொருகிட்டு நேரா என்னைப் பாத்துட்டு வர்றா. ஏதோ சொல்லப் போறா, அவ ஒதட்டைப் பாருங்க. சொல்லுங்க பாய், உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். சத்தமாச் சொல்லுங்க. அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள சொல்லிருங்க.